வேகம் வந்தது, கூச்சல் போனது

ஆட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது, சுட்டெரிக்கும் வெயிலில் மழை பெய்யும். பெங்களூர் சாந்தி நகரை ஒட்டிய அக்கிதிம்மனஹள்ளியில், பீல்டு மார்ஷல் கே.எம். கரியப்பாவின் பெயரைத் தாங்கி நிற்கும் ஹாக்கி அரங்கில் இது வழக்கமான காட்சி. தரையைச் சுற்றியுள்ள குழாய்கள் சீறிப் பாய்ச்சும் தண்ணீரில் செயற்கைப் புல் பளபளக்கும். பிறகு இரண்டு கல்லூரி அணிகள் இறங்கும். விசில் ஊதும். மட்டையில் பந்து மோதும் சத்தம் அரங்கின் மறுகோடி வரை தெளிவாகக் கேட்கும்.

தெளிவாகக் கேட்பதற்குக் காரணம், வேறு சத்தமே இல்லை என்பதுதான். சுமார் 7,000 பேர் உட்காரக்கூடிய கேலரியில் இருப்பவர்களை எண்ணிவிடலாம். மாற்று ஆட்டக்காரர்கள், இரண்டு கல்லூரிகளின் பிசிகல் டைரக்டர்கள், அடுத்த ஆட்டத்துக்காகக் காத்திருக்கும் அணி, பழைய நினைப்பில் வந்து உட்கார்ந்திருக்கும் ஓய்வு பெற்ற ஆட்டக்காரர் ஒருவரோ இருவரோ. கோல் விழுந்தால் கை தட்டுகிறார்கள். அந்தக் கைதட்டலும் பாதி மரியாதைக்குத்தான்.

இந்த இடத்தின் பூர்வீகமே வேடிக்கையானது. அக்கிதிம்மனஹள்ளி ஒரு காலத்தில் ஏரி. பெங்களூரின் விளையாட்டு வரலாற்றை அதன் ஏரிகளின் மரண வரலாறாகவும் படிக்கலாம். சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் கண்டீரவா ஸ்டேடியம் நிற்கிறது. பெயரிலேயே தமிழ் ஒட்டிக்கொண்டிருந்த சூளை ஏரி, கால்பந்து ஸ்டேடியமானது. செல்லகட்டா ஏரியில் இன்று கோல்ஃப் ஆடுகிறார்கள். ஹாக்கிக்குக் கிடைத்தது அக்கிதிம்மனஹள்ளி. தண்ணீரை விரட்டிவிட்டு மைதானம் அமைத்தார்கள். மைதானத்தின் மேல் பிளாஸ்டிக் புல்லை விரித்தார்கள். அந்தப் புல்லை நனைக்க இப்போது தண்ணீர் தேடுகிறார்கள்.

மண் மைதானக் காலத்தை நினைத்து ஏங்குவது சுலபம். அதில் பாதி மிகையாகவும் இருக்கும். ஆனாலும் அந்த ஆட்டங்களில் இருந்த ஒன்று இன்று இல்லை என்பதை மறுக்க முடியாது. அப்போது பார்வையாளருக்கும் ஆட்டக்காரருக்கும் நடுவே இருந்தது ஒரு சுண்ணாம்புக் கோடு. வசதியுள்ள கல்லூரியாக இருந்தால் ஒரு கயிறு. வகுப்பு முடிந்ததும் மாணவர்கள் நேராக மைதானத்துக்கு நடந்து வந்துவிடலாம். வகுப்பு முடியாமலும் வருவார்கள். விங்கில் பந்தோடு ஓடுகிறவனின் காதருகிலேயே அவனுடைய பட்டப் பெயர் முழங்கும். எதிர் அணியின் கோல்கீப்பருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, ஆட்டம் முழுவதும் அவருடைய பொறுமையைச் சோதிப்பதற்கென்றே ஒரு கோஷ்டி இருக்கும். கன்டோன்மென்ட் பக்கத்து மைதானமாக இருந்தால் அந்தச் சீண்டல் தமிழ், கன்னடம், ஆங்கிலம், தக்காணி உருது என்று நான்கு மொழிகளில் வரும்.

கன்டோன்மென்ட் என்பது இங்கே வெறும் இடப்பெயரில்லை. 1809ல் பிரிட்டிஷார் அமைத்த இந்த ராணுவக் குடியிருப்பின் வழியாகத்தான் ஹாக்கி மட்டை பெங்களூருக்குள் வேர் விட்டது. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று அழைக்கப்படும் பொறியியல் படைப்பிரிவு 1834ல் இங்கே குடியேறியது. தென்னகத்து இளைஞர்களைச் சேர்த்துக்கொண்ட அந்தப் படையின் பின்னாலேயே அல்சூரிலும் அதைச் சுற்றிய பேட்டைகளிலும் தமிழ்க் குடும்பங்கள் பெருகின. ஆங்கிலோ இந்தியர்களும், தமிழ்க் கிறிஸ்தவர்களும், குடகிலிருந்து படிக்க வந்தவர்களும் ஒரே மைதானத்தில் மோதிக்கொண்ட ஊர் இது. 1858ல் தொடங்கிய செயின்ட் ஜோசப் பள்ளியும் 1865ல் தொடங்கிய பிஷப் காட்டன் பள்ளியும் எந்த ஆட்டத்தில் மோதினாலும் அது இரண்டு தெருக்களின் சண்டையாகிவிடும் என்பது பெங்களூரில் பிறந்த எவருக்கும் தெரியும். அந்தப் பையன்கள்தான் வளர்ந்து கல்லூரி அணிகளுக்குப் போனார்கள். பள்ளியில் தொடங்கிய பழைய கணக்கைக் கல்லூரியில் தீர்த்துக்கொண்டார்கள்.

மைதானமும் ஓர் ஆட்டக்காரராக இருந்த காலம் அது. இந்த மூலையில் தரை சரிவு. அந்த டி வட்டத்தருகே ஒரு மேடு. பந்து அங்கே எகிறும். மழை பெய்த மறுநாள் தெற்குப் பக்கம் சேறு. சொந்த அணிக்கு இதெல்லாம் மனப்பாடம். வந்த அணிக்கு இதெல்லாம் சதி. தோற்றவர்கள் வீடு திரும்பும்போது கையோடு ஒரு காரணத்தையும் எடுத்துப் போவார்கள்: "கல்லில் பட்டுத் திரும்பிவிட்டது, இல்லாவிட்டால்..." அடுத்த ஆண்டு வரை பகையை உயிரோடு வைத்திருந்தது அந்த இல்லாவிட்டால்தான்.

இதை மாற்றிய சம்பவம் பெங்களூரில் நடக்கவில்லை. 1975 மார்ச்சில் கோலாலம்பூரில் இந்தியா பாகிஸ்தானை 2-1 என்று வென்று உலகக் கோப்பையைப் பிடித்தபோது ஆட்டம் நடந்தது இயற்கைப் புல்லில். அந்த அணியில் குடகைச் சேர்ந்த பி.பி. கோவிந்தாவும் பி.இ. காளையாவும் இருந்தார்கள். தமிழ்நாட்டின் வி.ஜே. பிலிப்ஸும் லெஸ்லி பெர்னாண்டஸும் இருந்தார்கள். அடுத்த ஆண்டே மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் முதல் முறையாகச் செயற்கைத் தரையில் ஹாக்கி நடந்தது. உலக சாம்பியன் ஏழாவது இடத்தில் போய் விழுந்தது. 1928லிருந்து கலந்துகொண்ட ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் பதக்கத்தோடு திரும்பிய நாடு, அன்றுதான் வெறுங்கையோடு வந்தது.

அதன் பிறகு செயற்கைத் தரை வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்துக்கே இடமில்லாமல் போயிற்று. உலகம் அதில்தான் ஆடும் என்றான பிறகு, அதில் ஆடிப் பழகாதவன் இந்தியாவுக்கு ஆட முடியாது. ஆகவே பெங்களூரிலும் தரை மாறியது. மாநில ஹாக்கி சங்கத்தின் அரங்கில் ஒன்று. ஞானபாரதி பல்கலைக்கழக வளாகத்தை ஒட்டிய இந்திய விளையாட்டு ஆணையத்தின் தென் மையத்தில் இன்னொன்று. கல்லூரி ஆட்டங்களும் தங்கள் மண்ணை விட்டு அங்கே குடிபெயர்ந்தன.

ஆட்டம் என்னவாயிற்று? நல்லதை முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்லது நிறைய இருக்கிறது. 91.40 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம். எங்கே அடித்தாலும் பந்து ஒரே மாதிரி உருளும். மேடு இல்லை, கல் இல்லை. நாற்பது மீட்டர் தள்ளி நிற்பவருக்கு அடிக்கும் பாஸ், அவர் மட்டையிலேயே போய் உட்காரும். மண்ணில் பந்தை அடக்கவே ஒரு தனித் திறமை வேண்டும். இங்கே அடக்குவது எளிது, அடக்கியபின் அடுத்த நொடியில் என்ன செய்வது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். பெனால்டி கார்னரில் பந்தை மட்டையால் இழுத்து வீசும் டிராக் ஃபிளிக் என்னும் அஸ்திரம் இந்தத் தரையின் குழந்தை. குடகிலிருந்து வந்து இந்தியாவின் முக்கிய டிராக் ஃபிளிக்கராக விளங்கிய வி.ஆர். ரகுநாத், மண் மைதானத்தோடு நின்றிருந்தால் இன்னொரு முரட்டு ஃபுல்பேக்காக மட்டுமே பேர் வாங்கியிருப்பார்.

நியாயமும் வந்தது. சொந்த மைதானத்தின் சூழ்ச்சிகள் ஒழிந்தன. கம்பி வேலிக்கு அப்பால் கூட்டம் நின்றதால், நடுவரின் சட்டையைப் பிடிக்கும் வாய்ப்பு குறைந்தது. இதைச் சிறிய விஷயமாக நினைக்க வேண்டாம். கோட்டோரத்தில் நின்று கத்திய எல்லோரும் விளையாட்டு ரசிகர்கள் இல்லை. பெண்கள் கல்லூரி அணிகளைப் பொறுத்தவரை இது இன்னும் பெரிய விஷயம். மகளைக் குட்டைப் பாவாடையில் தெருவோர மைதானத்துக்கு அனுப்பத் தயங்கிய பெற்றோர், வாசலில் காவலாளி நிற்கும் அரங்கத்துக்கு அனுப்பத் தயங்குவது குறைவு. மண் மைதானப் பெருமை பேசுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் நியாயமான தரைக்கு ஒரு குணம் உண்டு. அது யாருக்கும் சொந்தமில்லை. இரண்டு கல்லூரிகளும் விருந்தாளிகள். பஸ் பிடித்து வர வேண்டும். பெங்களூரின் போக்குவரத்தில், ஊரின் வடகோடியில் இருக்கும் கல்லூரியிலிருந்து சாந்தி நகருக்கு ஒரு ஹாக்கி ஆட்டம் பார்க்க வருவதென்றால் அது ஒரு யாத்திரை. தவிர, மாலை நேரத்தையும் விடுமுறை நாட்களையும் கிளப் லீக்குகளும் பெரிய போட்டிகளும் எடுத்துக்கொள்ள, கல்லூரிகளுக்குக் கிடைப்பது பெரும்பாலும் வார நாள் காலையோ உச்சிவெயிலோதான். யார் வந்து கத்த வேண்டுமோ அவர்கள் அந்த நேரத்தில் வகுப்பில் இருக்கிறார்கள். வருகைப் பதிவேடு என்று ஒன்று இருக்கிறது. எழுபத்தைந்து சதவீதம் என்று ஒரு விதி இருக்கிறது.

அணிகளும் மாறிவிட்டன. இந்தத் தரையில் ஆட, இந்தத் தரையில் பயிற்சி வேண்டும். அது கிடைப்பது அரசு விளையாட்டு விடுதிகளிலும் ஆணையத்தின் மையத்திலும் சில அகாதமிகளிலும். ஆகவே ஜெயிக்க நினைக்கும் கல்லூரி, வளாகத்தில் திறமையைத் தேடுவதில்லை, விடுதியில் தேடுகிறது. விளையாட்டு ஒதுக்கீட்டில் சீட், கட்டணச் சலுகை. அந்தப் பையன்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பலருக்கு ஹாக்கி இல்லாவிட்டால் கல்லூரியே இல்லை. ஆனால் காலையில் ஒரே பயிற்சியாளரிடம் ஒன்றாக ஓடி, ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டவர்கள், பத்து மணிக்கு வெவ்வேறு நிறச் சட்டை போட்டுக்கொண்டு எதிரெதிரே நிற்க நேரிடுகிறது. இதில் பகை எங்கிருந்து வரும்? ஆட்டம் முடிந்ததும் ஒரே பஸ்ஸில் திரும்பிப் போகிறார்கள். சொந்த வகுப்பு மாணவர்களுக்கோ தங்கள் கல்லூரி சென்டர் ஃபார்வர்டின் பெயர்கூடத் தெரியாது. அவர் வகுப்பில் உட்கார்ந்தே பார்த்ததில்லை.

செலவு இன்னொரு சுவர். மல்பெரி மட்டையும் கான்வாஸ் ஷூவும் போதும் என்றிருந்த ஆட்டம் அது. இன்று கார்பன் இழை கலந்த மட்டை வேண்டும். செயற்கைத் தரைக்கென்றே அடியில் சிறு குமிழ்கள் வைத்த ஷூ வேண்டும். கோல்கீப்பரை உச்சி முதல் பாதம் வரை மூட ஆகும் தொகையில் சிறிய கல்லூரி ஒன்று தன் மொத்த விளையாட்டு பட்ஜெட்டையே முடித்துக்கொள்ளும். விரிப்பை ஒரு முறை மாற்றக் கோடிக்கணக்கில் ஆகிறது. பத்தாண்டுக்கு ஒரு முறை மாற்றியும் ஆக வேண்டும். இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு ஹாக்கி அணியையே கைவிட்டு, பத்து ஓவர் கிரிக்கெட்டுக்கு மாறும் நிர்வாகத்தை ரொம்பவும் திட்ட முடியாது.

இதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. பகையாளிகளையே பிரித்துவிட்டது பல்கலைக்கழகங்களின் புதிய வரைபடம். 1964ல் உருவான பெங்களூர் பல்கலைக்கழகத்தின் கீழ் ஊரின் கல்லூரிகள் அத்தனையும் இருந்தன. அதன் கல்லூரிகளுக்கிடையிலான கோப்பைக்கு எல்லோரும் மோதினார்கள். 2008ல் கிறைஸ்ட் கல்லூரி நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகி விலகிப்போனது. 2017ல் பெங்களூர் பல்கலைக்கழகமே மூன்றாக உடைந்தது. 1882ல் பிறந்த செயின்ட் ஜோசப் கல்லூரி 2022ல் தானே ஒரு பல்கலைக்கழகமானது. கல்வித் துறையில் இது வளர்ச்சிதான். ஹாக்கியில் இதற்கு அர்த்தம் வேறு: ஒருவரையொருவர் பார்த்தாலே ரத்தம் கொதித்த அணிகள் இப்போது ஒரே கோப்பையில் ஆடுவதில்லை. எப்போதாவது தென் மண்டலப் பல்கலைக்கழகப் போட்டியில், ஏதோ ஓர் ஊரில், சந்தித்தால் உண்டு.

2022 ஏப்ரலிலும் மே மாதத்திலும் கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகள் பெங்களூரில் நடந்தபோது நாட்டின் சிறந்த மாணவ ஆட்டக்காரர்கள் இங்கே வந்து மட்டை பிடித்தார்கள். ஏற்பாடு, வெளிச்சம், ஒளிபரப்பு எதிலும் குறைவில்லை. பஞ்சாபிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்த ஒரு பல்கலைக்கழகம் ஜெயித்தால் என்ன, தோற்றால் என்ன என்று இருந்தது ஊர்.

அரங்கம்தான் கூட்டத்தை விரட்டியது என்று முடிவு கட்டிவிடலாமா? அதற்கு முன் மூன்று ஊர்களைப் பார்த்துவிட வேண்டும்.

முதலாவது, பெங்களூர் ஹாக்கிக்கு மூச்சுக்காற்று அனுப்பிக்கொண்டே இருக்கும் குடகு. 1997ல் பாண்டண்ட குட்டப்பா என்பவர் விராஜ்பேட்டை பக்கத்துக் கரடா கிராமத்தில், கொடவக் குடும்பங்களுக்கிடையே ஒரு ஹாக்கிப் போட்டியைத் தொடங்கினார். முதல் ஆண்டு 60 குடும்பங்கள். 2024ல் நாப்போக்லுவில் குண்டியோலண்ட குடும்பம் நடத்தியபோது 360 குடும்பங்கள். கின்னஸ் புத்தகத்திலும் இடம் பிடித்தாயிற்று. ஆடுவது மண்ணில். கேலரி தற்காலிகமானது, போட்டி முடிந்தால் கழற்றிவிடுவார்கள். அந்தக் கேலரியில்தான் ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்துக்கொண்டு உட்காருகிறார்கள். தாத்தாவும் பேரனும் ஒரே அணியில் ஆடுவார்கள். புகுந்த வீட்டுக்கு ஆடுவதா, பிறந்த வீட்டுக்கு ஆடுவதா என்று மருமகள்கள் யோசிப்பார்கள். இந்தியாவுக்கு ஆடிய நட்சத்திரமும் அங்கே குடும்பப் பெயர் பொறித்த சட்டையோடு வங்கி குமாஸ்தாவிடம் பந்தைப் பறிகொடுப்பார். மண்ணுக்கு இதில் பங்கு உண்டுதான். ஆனால் கூட்டம் வருவது மண்ணுக்காக இல்லை. ஆடுகிறவன் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிவதால்.

சந்தேகம் இருந்தால் ரூர்கேலாவைப் பார்க்கலாம். ஒடிசாவின் சுந்தர்கட் மாவட்டத்தில் 2023 ஜனவரியில் உலகக் கோப்பைக்காகத் திறந்த பிர்சா முண்டா ஸ்டேடியம், 20,000க்கும் மேற்பட்டவர்கள் உட்காரக்கூடியது. நவீனத்தில் அக்கிதிம்மனஹள்ளி அதன் அருகில் நிற்க முடியாது. அது நிரம்பி வழிந்தது. ஏனென்றால் ஆதிவாசிக் கிராமங்களில் வெற்றி பெற்ற அணிக்கு ஓர் ஆட்டைப் பரிசாகக் கொடுத்து, அங்கேயே சமைத்து விருந்து வைக்கும் 'கஸ்ஸி' ஹாக்கி தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் பூமி அது. அன்று இந்தியாவுக்காக இறங்கிய அமித் ரோஹிதாஸ் அந்த மாவட்டத்துக்காரர். கிராமத்தில் கூட்டத்தை வளர்த்துவிட்டுப் பிறகு அரங்கத்தைக் கட்டினார்கள். மாவட்டத்தின் 17 வட்டாரங்களிலும் செயற்கைத் தரை விரிக்கும் திட்டத்தையும் கையில் எடுத்தார்கள்.

மூன்றாவது ஊர் தொலைவில் இருக்கிறது; ஆட்டமும் வேறு. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தின் நான்கு பல்கலைக்கழகங்கள் ஐஸ் ஹாக்கியில் 'பீன்பாட்' என்ற கோப்பைக்காக 1952லிருந்து மோதி வருகின்றன. பல்லாண்டுகள் அது நடந்தது பாஸ்டன் கார்டன் என்ற 1928ம் ஆண்டுக் கட்டடத்தில். தூண்கள் மறைக்கும், இருக்கைகள் இடிக்கும், மாடி வரிசைகள் ஐஸ் தரையின் மேலேயே தொங்குவது போலிருக்கும். 1978 பிப்ரவரியில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோதே பனிப்புயல் ஊரை மூட, நூற்றுக்கணக்கான ரசிகர்கள் அங்கேயே படுத்துத் தூங்கினார்கள். 1995ல் அந்தக் கட்டடத்துக்கு மூடுவிழா நடந்து, பக்கத்திலேயே பெரிய, சொகுசான அரங்கம் வந்தது. பழைய நெருக்கம் போயிற்று என்று பழைய ரசிகர்கள் புலம்பினார்கள். ஆனால் பகை சாகவில்லை. காரணம் மிகச் சாதாரணமானது. அதே நான்கு அணிகள். அதே பிப்ரவரி. அடுத்தடுத்த இரண்டு திங்கட்கிழமைகள், மாலையில். எந்த மாணவருக்கும் தேதியை நினைவுபடுத்த வேண்டியதில்லை.

பெங்களூரில் அப்படி ஒரு தேதி இல்லை. அட்டவணை கடைசி வாரத்தில் முடிவாகும். மழையாலோ தேர்வாலோ தள்ளிப்போகும். முடிவு மறுநாள் ஆங்கிலப் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் மூன்று வரியாக வரும், இடமிருந்தால்.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். கல்லூரிப் பையன்கள் கத்தாவிட்டால் குடியா மூழ்கிவிடும்? 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆடிய 16 பேர் கொண்ட இந்திய அணியில் ரகுநாத், எஸ்.வி. சுனில், எஸ்.கே. உத்தப்பா, நிகின் திம்மையா என்று நான்கு பேர் கர்நாடகக்காரர்கள். அடுத்த ஒலிம்பிக்கான டோக்கியோவில், 41 ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியாவுக்குப் பதக்கம் கொண்டுவந்த அணியில் ஒருவர்கூட இல்லை. 2024 பாரிஸிலும் இல்லை. இத்தனைக்கும் அந்த டோக்கியோ அணி உருவான இடமே பெங்களூர்தான். 2020 கொரோனா ஊரடங்கில் ஆண்கள் அணியும் பெண்கள் அணியும் மாதக்கணக்கில் அடைந்து கிடந்தது இங்கே, ஆணையத்தின் வளாகத்தில்தான். நாட்டின் சிறந்த தரை, சிறந்த பயிற்சியாளர்கள், சிறந்த ஆட்டக்காரர்கள் எல்லாம் ஊருக்குள் இருக்க, ஊர்ப் பையன் மட்டும் அணியில் இல்லை.

எம்.பி. கணேஷ், கோவிந்தா, எம்.எம். சோமையா, ஏ.பி. சுப்பையா, ஜூட் பெலிக்ஸ், ஆசிஷ் பல்லால், அர்ஜுன் ஹாலப்பா என்று வரிசையாக ஆட்களை அனுப்பிய மாநிலம் இது. 1998 பாங்காக் ஆசிய விளையாட்டு இறுதி ஆட்டம் கொரியாவுக்கு எதிராக டை பிரேக்கர் வரை போனபோது, கோல் முன்னால் நின்று 32 ஆண்டு இடைவெளிக்குப் பின் தங்கத்தைக் காப்பாற்றியவர் பெங்களூரின் ஆசிஷ் பல்லால். இந்த வறட்சிக்குக் கல்லூரி ஹாக்கியின் மௌனம் ஒன்றே காரணம் என்று சொன்னால் அது அபத்தம். பஞ்சாபும் ஒடிசாவும் முந்திக்கொண்டன; குடகின் இளைஞர்களுக்கு வேறு வாழ்க்கைகள் திறந்திருக்கின்றன; சங்கங்களின் அரசியல் தனிக் கதை. ஆனால் பள்ளியோடு மட்டையைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்று யோசிக்கும் பதினேழு வயதுப் பையனை இன்னும் மூன்று வருஷம் ஆட வைப்பது எது? சம்பளமில்லாத அந்த வயதில் அவனுக்குக் கிடைக்கும் ஒரே கூலி, மறுநாள் காலை கல்லூரி கேன்டீனில் நான்கு பேர் முதுகில் தட்டுவது. அந்தக் கூலி நின்றுபோயிருக்கிறது.

இதைச் சரிசெய்ய அரங்கத்தை இடிக்க வேண்டியதில்லை. ஆண்டில் ஒரு வாரம், மாலை ஆறு மணிக்கு மேல், விளக்கு வெளிச்சத்தில், எந்தப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்ததானாலும் ஊரின் பழைய கல்லூரிகளை மட்டும் கூப்பிட்டு ஓர் ஆட்டம் வைக்கலாம். அணியில் பாதிப் பேராவது விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு வெளியிலிருந்து வர வேண்டும் என்று விதி வைத்தால் தரம் கொஞ்சம் குறையும். கேலரி கொஞ்சம் நிறையும். கோவில்பட்டியில் லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கான ஆட்டங்களும் இப்போது செயற்கைத் தரையில்தான் நடக்கின்றன. தரை மாறிய பிறகும் தீப்பெட்டி ஊரை ஹாக்கிப்பட்டி என்று அழைப்பதை யாரும் நிறுத்திவிடவில்லை. அந்த ஊரிலிருந்துதான் எஸ். மாரீஸ்வரன் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியச் சட்டை போட்டார்.

அக்கிதிம்மனஹள்ளிக்கு இன்னொரு முடிவும் காத்திருக்கிறது. 2024 கோடையில் பெங்களூரின் ஆழ்துளைக் கிணறுகள் வறண்டு, தோட்டத்துக்கும் கார் கழுவவும் குடிநீரைத் தொடக்கூடாது என்று உத்தரவு வந்தது. கிரிக்கெட்டின் சின்னசாமி ஸ்டேடியத்துக்கே சுத்திகரித்த கழிவுநீர்தான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஆயிரக்கணக்கான லிட்டர் குடிக்கும் ஹாக்கித் தரை, இந்த ஊரில் எத்தனை நாள் தாக்குப் பிடிக்கும்? அதே ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் விரித்த தரை, பெரும்பகுதி கரும்பிலிருந்து எடுத்த மூலப்பொருளால் ஆனது. தண்ணீரும் முன்பைவிடக் குறைவாகவே போதும். தண்ணீரே கேட்காத உலர் தரைக்கு மாற வேண்டும் என்று சர்வதேச ஹாக்கி சம்மேளனமும் சொல்லி வருகிறது. உலர் தரை வந்தால் பந்தின் வேகம் மாறும், ஆட்டம் மறுபடி மாறும், விடுதிப் பையன்களும் கல்லூரிப் பையன்களும் சேர்ந்தே புதிதாகக் கற்க வேண்டியிருக்கும்.

அதுவரை ஆட்டத்துக்கு முன் தண்ணீர் சீறும். கம்பி வேலிக்கு வெளியே, சாந்தி நகர்ப் பக்கம், பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் இரண்டு நிமிடம் நிற்பார்கள். அவர்கள் பார்ப்பது வெயிலில் அந்தத் தண்ணீரில் விழும் வானவில்லை. விசில் ஊதியதும் போய்விடுகிறார்கள்.